பாடசாலை பயர் அலாம்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

பழைய கட்டடமும் புதிய கட்டடமும் ஒரே மதிலுக்குள் இருக்கும் பாடசாலையில் பயர் அலாமும் அப்படியே கலந்து கிடக்கும். ஓட்டுக்கூரை மண்டபத்தில் 230 வோல்ற் பெல்லும் ஒரு சிவப்புப் பெட்டியும் இருக்கும். மாடிக் கட்டடத்தில் நாலு சோன் பனல் (பனல் என்பது அலாமின் கட்டுப்பாட்டுப் பெட்டி, சோன் என்பது அதில் ஒரே லைனில் இணைந்த ஒரு பகுதி). கடைசியாகக் கட்டிய ஆய்வுகூடத்தில் அறையின் பெயரைத் திரையில் காட்டும் பனல். தகராறு இவற்றில் எதற்குள்ளும் இருப்பதைவிட, ஒன்றை மற்றதோடு பொருத்திய இடத்தில் இருப்பதே அதிகம். திருகோணமலையில் அதற்கு மேலே உப்புக் காற்றும் வாடை மழையும் உண்டு.

பனலின் விளக்கு (சிவப்பு தீ, மஞ்சள் கோளாறு) எந்த லைனில் கோளாறு என்று மட்டும் சொல்லும். என்ன கோளாறு என்பதை மீற்றர்தான் சொல்லும். மீற்றரை வைக்காமல் டிடெக்டரை (புகையை அல்லது சூட்டை உணரும் கருவியை) மாற்றினால் காசு போகும், பிழை அப்படியே இருக்கும்.

தொடங்குமுன்

அதிபருக்கும் காவலாளிக்கும் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எந்தச் சோனை நிறுத்துகிறீர்களோ அந்தக் கட்டடத்தில் வேலை முடியும்வரை ஒருவர் நடந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய தொலைபேசியில் தீயணைப்புப் படையின் 110 இருக்க வேண்டும். பாட மணிக்கென்று தொங்கவிட்ட தண்டவாளத் துண்டும் சுத்தியலும் இருந்தால் அந்த நேரத்துக்கு அதுவே அலாம். பாட மணிக்கு அடிக்கும் முறையிலேயே அடித்தால் யாரும் எழும்ப மாட்டார்கள். விடாமல் அடிப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். பரீட்சை நிலையமாக இருக்கும் நாட்களில் பனலைத் திறக்கவே வேண்டாம்.

கையில் வேண்டியவை: மல்ரிமீற்றர், 470 ஓம், 680 ஓம், 4.7 கிலோ ஓம், 6.8 கிலோ ஓம், 10 கிலோ ஓம் தடையிகள் சில, 1என்4007 டயோட் சில, பனலில் உள்ள அளவிலேயே பியூஸ், கோல் பொயின்றுக்கு (கண்ணாடியை உடைத்து அலாம் அடிக்கும் சிவப்புப் பெட்டிக்கு) உரிய மாற்றுக் கண்ணாடி, மென்மையான தூரிகை, டிடெக்டர் சோதிக்கும் புகைக் கலன். கடதாசி கொளுத்திப் பிடிப்பதும் நுளம்புத்திரி காட்டுவதும் வேண்டாம். கரியும் எண்ணெய்ப் படலமும் உள்ளே போய், நல்லாயிருந்த டிடெக்டரையும் கெடுத்துவிடும்.

பனலைத் திறந்ததும் முதலில் 230 வோல்ற் வரும் முனைகள் எவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெயினை அணைத்தாலும் பற்றரியிலிருந்து 24 வோல்ற் இருக்கும். அது உங்களுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் திருப்புளி சறுக்கினால் பனலின் அட்டை எரியும்.

பனலில் சிவப்பு விளக்கு எரிகிறது, பெல் அடிக்கவில்லை

இதைவிட ஆபத்தான அறிகுறி இல்லை என்பதால் முதலில்.

பெல்லை நிறுத்தி வைத்த விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். போன முறை பொய் அலாம் வந்தபோது யாரோ நிறுத்திவிட்டுத் திரும்ப இயக்க மறந்திருப்பார்கள். இல்லையென்றால் பனலின் பெல் முனைகளில் மீற்றரை வைத்து அலாமை அடிக்க விடுங்கள். 24 வோல்ற் அளவில் வந்தால் பனல் சரி, பிழை வெளியே. ஒன்றுமே வராவிட்டால் பெல் லைனின் பியூஸ். புதிய பியூஸும் உடனே போனால் லைனில் ஷோட், அதாவது இரு வயரும் எங்கோ நேராகத் தொடுகின்றன. பியூஸைப் பெரிதாக்கிப் போட்டால் அடுத்தது பனலின் அட்டைதான் போகும்.

பனலில் 24 இருந்து, கடைசிப் பெல்லில் 15 அல்லது 16தான் இருக்கிறது என்றால் வயர் மெலிது. 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயருக்கு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 12 ஓம். பனலிலிருந்து 150 மீற்றர் தூரம் என்றால் போக வர 300 மீற்றர், 3.6 ஓம். அரை அம்பியர் ஓடினால் 1.8 வோல்ற் குறையும், பெல் தாங்கும். அதே தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீற்றர் ரெலிபோன் வயரை இழுத்திருந்தால் தடை 10.8 ஓம், குறைவது 5.4 வோல்ற். மெயின் இருக்கும்போது முனகிக்கொண்டு அடிக்கும் அந்தப் பெல், மின் போய்ப் பற்றரி 22க்கு இறங்கியதும் வாயை மூடிவிடும். இதற்கு மருந்து தடித்த வயர் மட்டும்தான். அல்லது பழைய சொலனொயிட் பெல்லைக் கழற்றிவிட்டு, சில பத்து மில்லி அம்பியரில் கத்தும் மின்னணுச் சவுண்டரைப் போடலாம். பழையது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும்.

பெல்லின் முனையில் 24 வோல்ற் வந்தும் அடிக்கவில்லையா, கிண்ணத்தைக் கழற்றுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த விறாந்தையில் தொங்கும் பெல்லுக்குள் தெரிவது பெரும்பாலும் இதுதான்: அடிக்கும் தண்டைச் சுற்றி வெள்ளை உப்பும் சிவப்புத் துருவும் சேர்ந்த பொருக்கு, செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு, மூலையில் குளவி கட்டிய மண்கூடு. சுரண்டிச் சுத்தம் செய்து முனைகளைப் புதிதாக வெட்டி இறுக்கினால் அடிக்கும். கிண்ணத்தின் நடுத் திருகாணியை அளவுக்கு மீறி இறுக்கினாலும் ‘டொக் டொக்’ என்று செத்த சத்தம்தான் வரும். கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள்.

பழைய பெல்லைப் புதிய பனலில் கொடுத்த இடங்களில் வேறொரு வில்லங்கம் உண்டு. புதிய பனல் பெல் லைனைச் சும்மா விடாது. அமைதியாக இருக்கும்போது திசை மாற்றிச் சிறு மின்னோட்டம் அனுப்பி, கடைசியில் உள்ள தடையியைப் (பெரும்பாலும் 10 கிலோ ஓம்) பார்த்துக்கொண்டே இருக்கும். சவுண்டருக்குள் டயோட் இருப்பதால் அந்த ஓட்டம் அதற்குள் போகாது. பழைய பெல்லுக்குள் வெறும் சுருள்தான். ஓட்டம் அதற்குள்ளால் போகும், பனல் ஷோட் என்று மஞ்சள் விளக்கைப் போடும். ஒவ்வொரு பழைய பெல்லுக்கும் நேர் வயரில் ஒரு 1என்4007, வெள்ளிக் கோடு பெல் பக்கம். டயோட்டைத் திருப்பிப் போட்டால் மஞ்சள் விளக்கும் போகாது, அலாம் வரும்போது பெல்லும் அடிக்காது. ஆகவே போட்டதும் அடிக்க விட்டுப் பாருங்கள்.

230 வோல்ற் ஏ.சி. பெல்லை 24 வோல்ற் லைனில் கொடுப்பதற்கு வழியே இல்லை. பனலின் ரிலே வழியாகத் தனி மெயின் லைன் எடுத்து அடிக்க வைக்கலாம், ஆனால் கரண்ட் போனால் அந்தப் பெல்லும் போகும். மண்டபத்தில் அது ஒன்றை மட்டும் நம்பியிருந்தால், பக்கத்தில் ஒரு 24 வோல்ற் சவுண்டரையும் போட்டுவிடுங்கள்.

கண்ணாடியை உடைத்தால் அலாம் வராமல் மஞ்சள் விளக்கு வருகிறது

பனலை மாற்றியவர் கோல் பொயின்றை மாற்றாமல் விட்டிருக்கிறார். பழைய முறையில் பெட்டிக்குள் வெறும் ஆளிதான். உடைத்ததும் இரு வயரும் நேராகத் தொடும், பழைய பனல் அதையே தீ என்று எடுத்துக்கொள்ளும். பிந்திய பனல்களில் பல, ஷோட்டைக் கோளாறு என்று படிக்கும். தீ என்று படிக்க வேண்டுமானால் லைனில் 470 அல்லது 680 ஓம் தெரிய வேண்டும். எது என்று பனலின் கையேட்டில் பாருங்கள். ஆளியோடு தொடராக அந்தத் தடையியைப் போட்டால் காரியம் முடிந்தது. சில கோல் பொயின்றுகளில் தடையி உள்ளேயே இருக்கும். வயரை வேறு முனைக்கு மாற்றினால் போதும்.

இன்னும் பழைய வகையில் கண்ணாடி ஆளியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். உடைந்தால் சுற்று திறந்து, ரிலே விழுந்து, மணி அடிக்கும். அதை அப்படியே சோனில் கொடுத்தால் உடைக்கும்போது வயர் அறுந்ததாகத்தான் பனல் நினைக்கும். எந்த வகை என்று அறிய, வயரைக் கழற்றி, கண்ணாடி இருக்கும் நிலையில் ஆளியை அளவுங்கள். பூச்சியம் ஓம் காட்டினால் இந்த வகை. தடையியெல்லாம் போட்டுக் கஷ்டப்படாமல் பெட்டியையே மாற்றுவது நல்லது.

கண்ணாடிக்குப் பதிலாகச் சாதாரண யன்னல் கண்ணாடியை வெட்டிப் போடாதீர்கள். அது தடித்தது, பிள்ளையின் கை வெட்டுப்படும், சில வேளை உடையவும் மாட்டாது. பிள்ளைகள் சும்மா அழுத்துவதுதான் பிரச்சினை என்றால், தூக்கித் திறக்கும் ஒளிபுகும் மூடி ஒன்றைப் போட்டுவிடுங்கள். பெட்டியைப் பூட்டி வைப்பது ஒருபோதும் வேண்டாம்.

ஒரு சோனில் மட்டும் மஞ்சள் விளக்கு, பஸர் நிற்கவில்லை

அந்தச் சோனின் இரு வயரையும் பனலிலிருந்து கழற்றி, வயர்களுக்கிடையே தடையை அளவுங்கள். ஒவ்வொரு லைனின் கடைசி உபகரணத்திலும், எண்ட் ஒஃப் லைன் என்று சொல்லும் கடைசித் தடையி இருக்கும். அதன் அளவு 3.9, 4.7, 6.8, 10 கிலோ ஓம் எனப் பனலுக்குப் பனல் வேறு. கீழே 6.8 என்று வைத்துக்கொள்வோம்.

- 6.8 கிலோ ஓம் அளவிலேயே காட்டினால் வயர் சரி. அதே அளவுத் தடையி ஒன்றை நேரே பனலின் முனையில் போட்டுப் பாருங்கள். அப்போதும் மஞ்சள் போகாவிட்டால் பனலின் சோன் அட்டை கெட்டிருக்கிறது.
- முடிவிலி காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஒரு டிடெக்டரின் தலை பேஸில் (தலையைப் பூட்டும் அடிப்பகுதியில்) சரியாகப் பூட்டுப்படவில்லை. நிறம் அடித்தவர் கழற்றி வைத்துவிட்டுப் போன தலை ஒன்று ஆசிரியர் அறை அலுமாரியில் இருக்கும், அதையும் கேளுங்கள்.
- 3.4 கிலோ ஓம் என்றால் பாதி. லைனை நீட்டியவர் புதிய தடையியைப் போட்டு, பழையதை எடுக்காமல் விட்டிருக்கிறார்.
- 440 ஓம் அளவில் என்றால் 470 ஓம் கோல் பொயின்ற் ஒன்று அழுந்தி நிற்கிறது.
- சில ஓம்தான் என்றால் ஷோட்: ஆணி துளைத்த வயர், அல்லது கோல் பொயின்றுக்குள் தண்ணீர்.

சில பனல்களில் கடைசியில் தடையிக்குப் பதிலாகக் கொள்ளளவியோ சிறு மின்சுற்றோ இருக்கும். அப்படியானால் மீற்றர் நிலையான எண்ணைக் காட்டாது. இந்தக் கணக்கு செல்லாது.

அறுந்த இடத்தைத் தேட முதல் டிடெக்டரிலிருந்து ஒவ்வொன்றாக ஏணி வைக்க வேண்டாம். நடுவில் உள்ள பேஸில் லைனைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தை அளவுங்கள். 6.8 வந்தால் பிழை பனல் பக்கப் பாதியில். வராவிட்டால் மற்றப் பாதியில். அந்தப் பாதியையும் நடுவில் பிரியுங்கள். பதினாறு டிடெக்டர் உள்ள சோனில் நாலு இடத்தில் ஏறினால் போதும்.

தடையி வாங்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். 4.7 கிலோ ஓமுக்கு மஞ்சள், ஊதா, சிவப்பு. 470 ஓமுக்கு மஞ்சள், ஊதா, மண்ணிறம். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பும் மண்ணிறமும் ஒன்றுபோலத் தெரியும். கடைசியில் 470ஐப் போட்டால் பனல் நிரந்தரமாகத் தீ என்று கத்தும். போடுமுன் ஒவ்வொன்றையும் மீற்றரில் வைத்துப் பாருங்கள்.

பனலைத் திறக்கும்போது கடைசித் தடையி பனலின் முனையிலேயே முறுக்கப்பட்டிருந்தால், அதுதான் நீங்கள் பார்க்கப்போகும் மோசமான வேலை. பஸர் சத்தத்தை நிறுத்த யாரோ லைனைக் கழற்றிவிட்டுத் தடையியை அங்கே போட்டிருக்கிறார்கள். பச்சை விளக்கு எரியும். கட்டடத்தில் எதுவும் பனலோடு இணைந்திருக்காது. எல்லாச் சோன்களிலும் பாருங்கள், ஒருவர் ஒரு சோனில் செய்தால் மற்றதிலும் செய்திருப்பார். அதே போலக் கிளை இழுத்த லைனும்: கடைசி அறையின் தலையைக் கழற்றுங்கள், பனல் கோளாறு காட்டாவிட்டால் அந்த அறை கண்காணிப்பில் இல்லை. கிளையை வெட்டி, போய்த் திரும்பும் நேர் லைனாக மாற்ற வேண்டும்.

மழை வந்தால் ஏர்த் ஃபோல்ற், வெயில் வந்ததும் காணவில்லை

ஒக்டோபருக்குப் பிறகு வரும் முறைப்பாடு. நேர் அல்லது எதிர் வயர் ஈரத்தின் வழியாக நிலத்தோடு தொடுகிறது. மழை விட்டபின் வந்து பார்த்தால் ஒன்றும் இராது. நனைந்த காலையிலேயே பார்க்க வேண்டும்.

பனல் இயங்கும்போது நேர் முனைக்கும் ஏர்த்துக்கும், எதிர் முனைக்கும் ஏர்த்துக்கும் வோல்ற்றை அளவுங்கள். எது பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கிறதோ அந்த வயர்தான் தொடுகிறது. பிறகு சோன்களையும் பெல் லைன்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடமாவது பொறுங்கள், பனல் உடனே விளக்கை அணைக்காது. விளக்கு அணைந்த லைனில்தான் தேட வேண்டும்: வெளிச்சுவர் கோல் பொயின்ற், இரு கட்டடத்துக்கு நடுவே ஆகாயத்தில் போகும் வயர், கூரை ஒழுகும் மூலையில் உள்ள இணைப்புப் பெட்டி. பெட்டிக்கு வயர் மேலாலே இறங்கினால் தண்ணீரும் வயரோடு இறங்கும். வயரைக் கீழிருந்து ஏற்றி, அதற்கு முன் ஒரு வளைவு தொங்கவிடுங்கள். தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். வெளியே போடும் கோல் பொயின்ற் தண்ணீர் புகாத ஐ.பி. 67 தரத்தில் இருக்கட்டும்.

500 வோல்ற் மெகர் (வயரின் காப்பைச் சோதிக்கும் கருவி) போட விரும்பினால், பனலின் இரு வயரையும் கழற்றி, எல்லாத் தலைகளையும் சவுண்டர்களையும் எடுத்து, வயரை மட்டும் சோதியுங்கள். 2 மெகா ஓமுக்கு மேல் வர வேண்டும். தலைகளை வைத்துக்கொண்டு மெகர் சுற்றினால் ஒரு கட்டடத்து டிடெக்டர்கள் முழுவதும் அன்றைக்கே முடிந்துவிடும்.

ஆகாயத்தில் இழுத்த வயருக்கு இடியும் எதிரி. இடி இடித்த இரவுக்கு அடுத்த நாள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சோன்கள் போயிருந்தால் வயரைத் தேடுமுன் பனலின் பியூஸ்களையும் அட்டையில் கறுத்த இடத்தையும் பாருங்கள்.

நெருப்பில்லாமல் அலாம் அடிக்கிறது

ரீசெற் பொத்தானில் கை வைக்காதீர்கள். சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, அந்தச் சோனில் நடந்து, எந்த டிடெக்டரின் சிவப்பு எல்.ஈ.டி. விடாமல் எரிகிறது என்று பாருங்கள். ரீசெற் பண்ணினால் அந்த வெளிச்சம் போய்விடும். அதோடு அத்தாட்சியும் போய்விடும். எதுவும் எரியவில்லை என்றால் கோல் பொயின்றோ வயரோ.

கண்டுபிடித்ததும் அந்த அறையையும் நேரத்தையும் பாருங்கள். டெங்குக்குப் புகையடித்த நாளா? அந்தப் புகை எண்ணெய் கலந்தது. ஒளியால் புகையைப் பார்க்கும் டிடெக்டரின் அறைக்குள் படலமாகப் படிந்து, பிறகு மாதக்கணக்கில் காரணமில்லாமல் அலாம் தரும். புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் அந்தச் சோனை நிறுத்தி, ஒவ்வொரு டிடெக்டருக்கும் மூடி போட்டு, முடிந்ததும் எண்ணிப் பார்த்து எல்லா மூடியையும் கழற்றுங்கள். மறந்துவிட்ட ஒரு மூடி ஒரு வகுப்பைக் குருடாக்கும். நவராத்திரிச் சாம்பிராணிக்கும் இதே முறை. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் அறுவடைக்குப் பிறகு வைக்கோல் கொளுத்தும் நாட்களில் காற்றுப் பக்க யன்னலை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லா நாளும் ஒரே டிடெக்டர் என்றால் உள்ளே பாருங்கள்: எறும்பு, சிறு சிலந்தி, பல்லி எச்சம், கரும்பலகைக்கு மேலே போட்டதென்றால் சோக்குத் தூள். வெளி வலையைத் தூரிகையால் தட்டி, தூசு உறிஞ்சியால் இழுங்கள். ஈரத் துணி வேண்டாம், வாயால் ஊதுவதும் வேண்டாம். சுத்தம் செய்தும் திரும்ப வந்தால், பத்து ஆண்டைத் தாண்டிய தலை என்றால், மாற்றிவிடுங்கள்.

சில தலைகள் பிழையில்லை, போட்ட இடம்தான் பிழை. மனையியல் அறையிலும் சிற்றுண்டிச்சாலையிலும் புகை டிடெக்டர் நிற்காது. வெப்ப டிடெக்டர் போட வேண்டும். அதிலும் ஏ1 வகை 54 முதல் 65 பாகைக்குள் இயங்கும், சுற்றுச் சூட்டுக்கு 50 பாகைதான் உச்சம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்கு நேர் கீழே அந்தச் சூட்டைத் தொட்டுவிடலாம். அங்கே 69 முதல் 85 பாகைக்குள் இயங்கும் பி வகையைப் போடுங்கள். வெப்ப டிடெக்டரைச் சோதிக்கத் தலைமயிர் உலர்த்தி போதும். லைட்டர் பிளாஸ்ரிக்கை உருக்கும்.

பழைய கட்டடத்தில் கழற்றும் தலையின் பின்புறத்தில் மூவிதழ்க் கதிர்வீச்சுக் குறி இருந்தால் அது அயனாக்க வகை. உள்ளே அமெரிசியம் 241 சிறு துளி உண்டு. அதன் அரைவாழ்வுக் காலம் 432 ஆண்டு என்பதால் பழசாகிவிட்டது என்று அலட்சியம் பண்ண முடியாது. மூடியபடி கையில் எடுப்பதால் ஒன்றும் நடக்காது. திறக்காதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள், விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குக் காட்சிப் பொருளாகக் கொடுக்காதீர்கள். எண்ணி, பெட்டியில் போட்டுப் பூட்டி, 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குபடுத்தும் பேரவையிடம் எப்படி ஒப்படைப்பது என்று எழுத்தில் கேளுங்கள். அதன் இடத்துக்கு ஒளி வகைத் தலை போடலாம், ஆனால் பேஸும் அதற்குப் பொருந்த வேண்டும்.

கரண்ட் போனதும் பனலும் போகிறது

பனலின் அடியில் 12 வோல்ற், 7 அம்பியர் மணி அளவில் இரண்டு பற்றரி தொடராக இருக்கும். மெயின் இருக்கும்போது இரண்டுக்கும் குறுக்கே 27 முதல் 27.6 வோல்ற் வர வேண்டும். அது வந்தாலும் பற்றரி நல்லது என்று அர்த்தமில்லை. சார்ஜரின் வோல்ற்றைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். மெயினை அணைத்து, பெல்லை இரண்டு நிமிடம் அடிக்க விட்டு, ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே அளவுங்கள். ஒன்று 12.3இல் நின்று மற்றது 10க்கு விழுந்தால், இரண்டாவது செத்துவிட்டது. மாற்றுவது இரண்டையும். புதியதோடு பழையதைச் சேர்த்தால் பழையது புதியதையும் கொண்டுபோகும்.

பற்றரியைக் கழற்றிய நிலையிலும் சார்ஜர் 27 அளவில் கொடுக்காவிட்டால் பற்றரி பியூஸையும் சார்ஜரையும் பாருங்கள். சில பனல்கள் பற்றரி இல்லாவிட்டால் சார்ஜரை நிறுத்திவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். இரு பற்றரியையும் இணைக்கும் சிறு வயரை மறந்து போவதும் உண்டு.

இந்த வகைப் பற்றரியின் ஆயுள் சூடு 10 பாகை ஏறினால் பாதியாகும். குளிரூட்டாத காவலாளி அறையில் மூன்று ஆண்டுக்கு மேல் நம்பாதீர்கள். போட்ட திகதியைப் பற்றரியின் மேலேயே எழுதுங்கள். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் அடிமட்டம்வரை இறங்கிய பற்றரிகள் அதற்குப் பிறகு சரியாக ஏறவில்லை. அப்படியொன்று இன்னும் பனலில் கிடந்தால் சோதிக்கவும் வேண்டாம், மாற்றுங்கள்.

அளவு போதுமா என்று கணக்குப் பார்க்க: அமைதியில் பனல் இழுப்பது 120 மில்லி அம்பியர் என்றால் 24 மணித்தியாலத்துக்கு 2.88 அம்பியர் மணி. அலாமில் 1.2 அம்பியர் அரை மணித்தியாலத்துக்கு 0.6. கூட்டி 1.25ஆல் பெருக்கினால் 4.35. ஆக 7 போதும். பழைய பெல்கள் அலாமில் 5 அம்பியர் இழுத்தால் அதே கணக்கு 6.7க்குப் போகும், 7இல் மிச்சமே இராது, அங்கே அதை நம்ப முடியாது.

முகவரிப் பனல்: ‘இல்லை’, ‘இரட்டை முகவரி’, ‘லூப் திறந்தது’

அறையின் பெயரைத் திரையில் காட்டும் பனல்தான் முகவரிப் பனல்; ஒவ்வொரு டிடெக்டரையும் அதன் முகவரியால் அறியும். சுத்தம் செய்த மறுநாள் ‘இரட்டை முகவரி’ வந்தால் தலைகள் இடம் மாறியிருக்கின்றன. அப்பலோ எக்ஸ்பி95 வகையில் முகவரி பேஸில் உள்ள அட்டையில் இருக்கும், தலை மாறினாலும் கவலையில்லை. ஹொச்சிகி வகையில் முகவரி தலைக்குள் எழுதப்பட்டிருக்கும். தலை போகும் இடமெல்லாம் அதுவும் போகும். அப்போது நூலகத்தில் புகை வந்தால் பனல் 8ஆம் வகுப்பு என்று சொல்லும். கழற்றுமுன் ஒவ்வொரு தலையிலும் அறையின் பெயரை ஒட்டுங்கள்.

லூப் (பனலில் தொடங்கிப் பனலுக்கே திரும்பி வரும் லைன்) ஓரிடத்தில் அறுந்தால் எல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும், பனல் இரு பக்கத்தாலும் பேசும். இடத்தைக் கண்டுபிடிக்க, திரும்பி வரும் முனையைப் பனலில் கழற்றுங்கள். அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ளவை ‘இல்லை’ என்று திரையில் வரும். கடைசியாகத் தெரியும் உபகரணத்துக்கும் முதலாவதாகக் காணாமல் போனதற்கும் நடுவில் உள்ள வயரைத் திறவுங்கள். இந்த வேலையைத் தள்ளிப் போட வேண்டாம். இன்னோரிடத்தில் அறுந்தால் நடுவில் உள்ள அறைகள் எல்லாம் போகும்.

சாதாரண சோன் டிடெக்டரின் தலை முகவரிப் பேஸில் பூட்டுப்பட்டாலும் பேசாது. மறுதலையாகவும் அப்படியே.

ஒவ்வொரு நிமிடமும் ‘கீச்’ என்ற சத்தம்

பனல் அல்ல. விடுதியிலோ அலுவலகத்திலோ யாரோ ஒட்டிய தனிப் புகை அலாமின் 9 வோல்ற் பற்றரி இறங்கிவிட்டது. மாற்றுங்கள், பத்து ஆண்டு தாண்டியிருந்தால் முழுவதையும் மாற்றுங்கள்.

வேலை முடிந்த பின்

கழற்றிய ஒவ்வொரு லைனிலும் மூன்று சோதனை. கடைசி டிடெக்டரின் தலையைக் கழற்றினால் அந்தச் சோனில் கோளாறு வர வேண்டும். அதைத் திரும்பப் பூட்டிப் புகைக் கலனால் அடித்தால் தீ வர வேண்டும். அதே சோனின் கோல் பொயின்றைச் சாவியால் இயக்கினாலும் தீ வர வேண்டும். பிறகு மெயினை அணைத்து, பற்றரியில் மட்டும் எல்லாப் பெல்லையும் அடிக்க விட்டு, ஒருவர் மிகத் தூரமான வகுப்பில் கதவை மூடிக்கொண்டு நின்று கேட்க வேண்டும். அங்கே கேட்காவிட்டால் இன்னொரு சவுண்டர் வேண்டும். நிறுத்திய சோன்களை இயக்கிவிட்டீர்களா என்று பனலின் விளக்குகளை ஒருமுறை பார்த்து, என்ன பிழை, எந்த இடம், என்ன அளவுகள் வந்தன என்பதைப் பனலுக்குள் வைக்கும் கொப்பியில் எழுதி வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு வாரமும் வேறு கோல் பொயின்றால் அடித்துப் பார்ப்பதைப் பாடசாலையே செய்யலாம். அதற்கு ஆள் கூப்பிடத் தேவையில்லை.